எலிகளை ஏவும் வில்லன்: காமிக்ஸ் அவனை மன்னித்துவிட்டது, நம்ம ஊர்?

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் ஏரியூர். தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் தாண்டி, மேட்டூர் அணைத் தண்ணீர் வந்து தேங்கி நிற்கும் பக்கம். திண்ணையில் உட்கார்ந்து மொபைலில் 'தி சூசைட் ஸ்குவாட்' பார்த்துக்கொண்டிருந்தேன். 2021-ல் வந்த ஜேம்ஸ் கன் படம், மூன்றாவது முறையாக. பக்கத்தில் ஆயா கடலை உரித்துக்கொண்டிருந்தது.

"யாரு கண்ணு இவ, தோள்ல எலிய வச்சிக்கிட்டுத் திரியறா?"

"ராட்கேட்சர் 2 ஆயா. எலிங்க எல்லாம் இவ சொன்ன பேச்சு கேக்கும்."

"எலி புடிக்கிறவளா? நம்ம கடலைக்காட்டுக்கு வருவாங்களே, அவங்களாட்டமா?"

ஆயா ரொம்ப சாதாரணமாகத்தான் கேட்டது. எனக்குத்தான் அதற்கப்புறம் படம் ஓடவில்லை. நான் அஞ்சாவது, ஆறாவது படிக்கும்போது அறுவடை முடிந்ததும் ஒரு தாத்தாவும் அவர் வீட்டு ஆட்களும் எங்கள் காட்டுக்கு எலி பிடிக்க வருவார்கள். தண்ணீர் கேட்டால் இதே ஆயா சொம்பை உயரத் தூக்கி ஊற்றும், அவர்கள் குனிந்து கையைக் குவித்துக் குடிப்பார்கள். சொம்பைக் கையில் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. ஏன் என்று அப்போது நான் கேட்டதும் இல்லை.

இந்தக் கட்டுரை ஒரு காமிக்ஸ் வில்லனைப் பற்றியதுதான். ஆனால் அந்தச் சொம்பை விட்டுவிட்டு என்னால் இதை எழுத முடியவில்லை.

யார் இந்த ராட்கேட்சர்?

முதலில் பின்கதை. ராட்கேட்சர் என்ற பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். படத்தில் வரும் பெண் இரண்டாவது ஆள். ஒரிஜினல் ஆள் 1988-ல் 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 585-வது இதழில் பேட்மேனுக்கு வில்லனாக வந்தவன். ஜான் வாக்னர், ஆலன் கிராண்ட் எழுத, நார்ம் பிரேஃபோகிள் வரைந்தார். பெயர் ஓடிஸ் ஃபிளானகன்.

இவன் பணக்காரன் இல்லை, விஞ்ஞானி இல்லை, வேற்று கிரகத்திலிருந்து வந்தவனும் இல்லை. கோதம் நகரத்தின் துப்புரவுத் துறையில் எலி பிடிக்கும் வேலை பார்த்தவன், அவ்வளவுதான். ஒரு தெருச் சண்டையில் ஆளைக் கொன்றுவிட்டு ஜெயிலுக்குப் போகிறான். வெளியே வந்ததும், தன்னை உள்ளே தள்ளக் காரணமானவர்களை ஒவ்வொருவராகக் கடத்திக்கொண்டு போய்ப் பாதாளச் சாக்கடைக்குள் வருடக்கணக்கில் அடைத்து வைக்கிறான். காவலுக்கு எலிகள். அதில் ஒருவர் தப்பித்து ஓட, எலிகள் துரத்துகின்றன. பேட்மேன் கதைக்குள் வருவது அதற்குப் பிறகுதான்.

கதையாகப் படிக்க செம த்ரில். நான் காலேஜில் மீடியா ஸ்டடீஸ் படித்தபோது அசைன்மென்ட்டுக்காக இதைத் தேடிப் படித்தேன். அப்போது எனக்குத் தோன்றாத ஒரு கேள்வி இப்போது தோன்றுகிறது. ஒரு மாநகரத்தின் எலிகளை அத்தனை வருடம் பிடித்துக் கொடுத்த ஒருவனுக்கு எலிகளைப் பற்றி எல்லாம் தெரிந்திருப்பது இயல்புதானே? கோதம் மக்கள் அவனுக்குச் சம்பளம் கொடுத்ததே அந்த அறிவுக்காகத்தான். அதே அறிவு அவன் கோபப்பட்ட மறுநாள் 'அமானுஷ்ய சக்தி' ஆகிவிடுகிறது. கேஸ் மாஸ்க் போட்டு, நிழலில் நிறுத்தி, பக்கத்தில் சிவந்த கண்ணோடு எலிகளை வரைந்துவிட்டால் வில்லன் ரெடி.

அவன் கொலைகாரன் என்பதை நான் மறைக்கவில்லை. அவனுக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை. ஆனால் கோதமில் கொலை செய்தவர்கள் எத்தனையோ பேர். இவனைப் பார்த்து வாசகர் முகம் சுளிப்பது கொலைக்காக மட்டும்தானா?

மீன் ஏவினால் ஹீரோ

விலங்குகளைக் கட்டுப்படுத்துவது காமிக்ஸில் புதுசே இல்லை. யார் ஹீரோ ஆகிறார், யார் வில்லன் ஆகிறார் என்று பார்த்தால்தான் சுவாரஸ்யம்.

அக்வாமேன் 1941 நவம்பர் தேதியிட்ட இதழில் அறிமுகமாகிறார். கடல்வாழ் உயிர்கள் அவர் பேச்சைக் கேட்கும். ஹீரோ. பெங்குவின் அதே வருடம் டிசம்பர் இதழில் வருகிறார். பறவைகள்மீது பித்து, குட்டையான உருவம், கையில் குடை. வில்லன். அக்வாமேன் முதலில் ஒரு கடல் ஆய்வாளரின் மகன், போகப்போக அட்லாண்டிஸ் ராஜா. பெங்குவினுக்கு டிம் பர்ட்டன் 1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தில் காட்டிய பிறப்பு என்ன தெரியுமா? உருவம் விகாரமாக இருக்கிறது என்று பெற்றோரே ஆற்றில் விட்ட குழந்தை. கடைசியில் முதுகில் ராக்கெட் கட்டிய பெங்குவின் பட்டாளத்தை ஊர்மேல் ஏவுகிறான். அதற்கப்புறம் வந்த சில வடிவங்களில் பறவைகள் உதிர்ந்துபோய்விட்டன. கொலின் ஃபாரல் நடித்த 2022 'தி பேட்மேன்' படத்திலும் 2024 சீரியலிலும் அவர் ஒரு சாதாரண கேங்ஸ்டர். பறவை என்று ஒன்று இருந்தால் அது அவருடைய பட்டப்பெயரில் மட்டும்தான்.

"எறும்பு என்ன ராஜ பிராணியா, ஆன்ட்மேன் ஹீரோதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1962-ல் வந்த ஹாங்க் பிம் ஒரு விஞ்ஞானி. லேப், ஹெல்மெட், ஃபார்முலா எல்லாம் வைத்திருப்பவர். எறும்பை ஒரு டாக்டர் பட்டக்காரர் கட்டுப்படுத்தினால் அது கண்டுபிடிப்பு. எலியைத் துப்புரவுத் தொழிலாளி கட்டுப்படுத்தினால் அது ஆபத்து. மார்வெலிலும் எலி ஏவும் ஒருவன் உண்டு. 1982-ல் கேப்டன் அமெரிக்கா இதழில் வந்த வெர்மின். பெயரே 'அழிக்க வேண்டிய புழு பூச்சி' என்ற அர்த்தத்தில்தான். சாக்கடையில் வாழ்கிறான். அவனை அப்படி ஆக்கியது ஆய்வுக்கூடத்தில் அவன்மீது நடத்தப்பட்ட சோதனை. சோதனை செய்தவர்களும் வில்லன்கள்தான், ஆனால் கோட் போட்ட வில்லன்கள். அருவருப்பு முழுவதும் இவன் பங்குக்கு வந்துவிட்டது.

நம்ம சினிமாவுக்கு வருவோம். சின்னப்பா தேவர் படங்களில் யானையும் பாம்பும் ஹீரோ பக்கம் நின்று சண்டை போட்டதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. விலங்கின் பெயரில் வந்த பெரிய வில்லன் என்று யோசித்தால் 2018-ல் வந்த '2.0' பட்சிராஜன்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறார். அக்‌ஷய் குமார் நடித்தது. பறவையியல் ஆய்வாளர் சாலிம் அலியை நினைவூட்டும் தோற்றம். செல்போன் டவரில் தூக்குப் போட்டுச் செத்து, ஊரில் உள்ள மொபைல்களை எல்லாம் திரட்டி ராட்சதப் பறவையாக வருகிறார். படம் அவருக்கு நீளமான பிளாஷ்பேக் கொடுக்கிறது. அவர் மனு கொடுக்கிறார், கோர்ட்டுக்குப் போகிறார், கெஞ்சுகிறார். தியேட்டரில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படித்தவர் கோபப்பட்டால் காரணத்தைக் கேட்க நமக்குப் பொறுமை இருக்கிறது. 1988-ன் ஓடிஸுக்கு அந்தப் பொறுமை கிடைக்கவில்லை.

கூலி பாக்கி

எலி ஏவுகிறவர்களின் மூதாதை என்று ஒருவரைச் சொல்வதென்றால் அது ஜெர்மனியின் ஹாமெலின் ஊர்க் குழலூதிதான். 1284-ல் நடந்ததாகச் சொல்லப்படும் கதை. எலித்தொல்லை தாங்காமல் ஊர்ப் பெரியவர்கள் ஒருவனைக் கூப்பிடுகிறார்கள், கூலி பேசுகிறார்கள். அவன் குழல் ஊதி எலிகளை ஆற்றில் இறக்கிவிடுகிறான். வேலை முடிந்ததும் கூலியைக் கொடுக்க மறுக்கிறார்கள். அவன் மறுபடி வந்து குழல் ஊத, இந்த முறை ஊர்க் குழந்தைகள் அவன் பின்னாலேயே போய்விடுகிறார்கள்.

சின்ன வயதில் நாம் இதைக் கேட்டபோது மனதில் நின்றது குழந்தைகள் காணாமல் போனதுதான். இப்போது திரும்பப் படித்தால், இது சுத்தமான கூலி பாக்கித் தகராறு. கதையில் முதலில் ஏமாற்றியது மேயர்.

டிசி காமிக்ஸ் இதை 1959-ல் எடுத்து, ஃபிளாஷுக்கு எதிரியாக 'பைட் பைப்பர்' என்ற வில்லனை உருவாக்கியது. ஹார்ட்லி ராத்அவே என்று பெயர். பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. ஒலியால் மனிதர்களை ஆட்டுவிப்பான். பிற்பாடு திருந்தி நல்லவனாகவும் ஆனான். 2015-ல் 'தி ஃபிளாஷ்' டிவி தொடரில் வந்தபோது அவன் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த மேதை, கையில் ஒலி அலை வீசும் கிளவுஸ். எலி இல்லை, ஊர் இல்லை, கூலியும் இல்லை. ஒரு தொழிலாளியின் கதை, தலைமுறை தாண்டும்போது எப்படி ஒரு பணக்காரப் பையனின் கதை ஆகிறது பாருங்கள். இதைவிட பெரிய மேஜிக் அந்தக் குழலில்கூட இல்லை.

தோளில் ஏறிய எலி

அதனால்தான் ஜேம்ஸ் கன் 2021-ல் செய்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் ஓடிஸை அப்படியே எடுத்து வரவில்லை. காமிக்ஸில் இல்லாத ஒரு மகளைப் புதிதாக எழுதினார். கிளியோ காஸோ. போர்ச்சுகல் நடிகை டேனியலா மெல்கியோர் நடித்தார். அப்பாவாகக் கொஞ்ச நேரமே வருபவர் டைக்கா வைட்டிட்டி.

இந்த அப்பா யாரையும் சாக்கடைக்குள் அடைக்கவில்லை. வீடில்லாமல் தெருவில், மகளோடு, போதைப் பழக்கத்தோடு வாழ்கிறார். எலிகளை அழைக்கும் கருவியைச் செய்தவர் அவர். ஒருநாள் செத்துப்போகிறார். மகள் அமெரிக்கா வந்து எலிகளை வைத்து பேங்கில் திருடப் போய் மாட்டிக்கொள்கிறாள். வழக்கு என்ன தெரியுமா? ஆயுதத்தோடு கொள்ளை. அவள் கையில் துப்பாக்கி இல்லை, கத்தி இல்லை. எலிகளையே ஆயுதம் என்று எழுதிவிட்டார்கள். படம் இதை ஒரு ஜோக் மாதிரி கடந்துபோகிறது. நானும் முதல் தடவை சிரித்தேன்.

டீமில் உள்ள பிளட்ஸ்போர்ட்டுக்கு எலி என்றாலே நடுக்கம். சின்ன வயதில் அவன் அப்பா தண்டனையாக, பசித்த எலிகளோடு ஒரு பெட்டியில் அடைத்துவிட்டார். ஒரு அப்பா எலியை வைத்துப் பிள்ளையைச் சித்திரவதை செய்கிறார், இன்னொரு அப்பா எலியைக் காட்டித் தன் பிள்ளைக்கு ஆறுதல் சொல்கிறார். எல்லோரும் வெறுக்கும் இந்தப் பிராணிக்கே உலகத்தில் ஒரு வேலை இருக்கிறதென்றால் நமக்கும் இருக்கும் என்பது அவர் சொல்வதன் சாரம். கிளைமேக்ஸில் ஸ்டாரோ என்ற ராட்சத நட்சத்திர மீனை முடிப்பது ஹார்லி க்வின்னும் எலிகளும் சேர்ந்துதான். ஊரின் எல்லாச் சாக்கடையிலிருந்தும் எலிகள் பொங்கி வருகின்றன. 1988-ல் பயமுறுத்த வரைந்த அதே காட்சி, இங்கே கைதட்ட வைக்கிறது. எலிகள் மாறவில்லை, கேமரா நிற்கும் இடம் மாறியிருக்கிறது.

குறை சொல்லாமலும் இருக்க முடியாது. கிளியோ மிகவும் இனிமையான பெண். தூங்கிக்கொண்டே இருப்பாள், யாரிடமும் கோபப்பட மாட்டாள். எலி பிடிப்பவரை நாம் நேசிக்க வேண்டும் என்றால் முதலில் அவருடைய கோபத்தைக் கழற்றிவிட வேண்டியிருக்கிறது. ஓடிஸிடம் கோபம் மட்டும் இருந்தது, கிளியோவிடம் அது துளியும் இல்லை. நடுவில் ஒரு ஆள் இருக்க வேண்டும் இல்லையா?

அதே வருடம், இங்கே

'தி சூசைட் ஸ்குவாட்' வெளியானது 2021 ஆகஸ்டில். அதே வருடம் நவம்பர் 2-ம் தேதி 'ஜெய் பீம்' ஓடிடியில் வந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது அபத்தமாகத் தெரியலாம். ஆனால் 'ஜெய் பீம்' தொடக்கத்திலேயே, சிறை வாசலில் சாதி கேட்டுப் பிரிக்கும் அந்தக் காட்சி முடிந்த கையோடு, வயலில் எலி பிடிக்கும் இருளர்களைத்தான் காட்டுகிறார்கள். புகை போட்டு, வளையை மறித்து, சிரித்துப் பேசிக்கொண்டு. தமிழ் சினிமா எலி பிடிப்பதை இவ்வளவு மரியாதையோடு, ஒரு வேலையாகக் காட்டி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்புறம் கதை எப்படித் திரும்புகிறது என்று கவனியுங்கள். ஊர்ப் பெரிய வீட்டில் பாம்பு புகுந்துவிடுகிறது. ராஜாக்கண்ணுவைக் கூப்பிடுகிறார்கள். வருகிறான், பிடிக்கிறான், போகிறான். பிறகு அந்த வீட்டில் நகை காணாமல் போகிறது. சந்தேகம் யார்மேல்? வீட்டுக்குள் அவனை விட்டதே அவன் திறமைக்காக. அந்த வீட்டுக்குள் வந்ததே அவன் குற்றமாகிவிடுகிறது. கிளியோவின் எலிகளை ஆயுதம் என்று எழுதிய அதே கணக்கு.

படத்துக்கு அடிப்படை 1993-ல் கடலூர் பகுதியில் நடந்த ராஜாக்கண்ணு வழக்கு. போலீஸ் காவலில் இறந்துபோன அவருக்காக வாதாடியவர் பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான கே.சந்துரு. நிஜ ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர், படத்தில் இருளர் ஆக்கினார்கள். அதை விமர்சித்தவர்கள் உண்டு, அந்த விமர்சனத்தில் நியாயமும் உண்டு. ஏனென்றால் குறவர்களின் கதை தனியானது. 1871-ல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், பிறகு மதராஸ் மாகாணத்துக்கும் வந்து, குறவர் உட்பட பல சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று பட்டியல் போட்டது. சுதந்திரத்துக்குப் பிறகுதான் அது ரத்தானது. ஒரு கேரக்டரை உட்கார்ந்து வில்லனாக வடிவமைப்பது காமிக்ஸ் எழுத்தாளர் மட்டும் செய்கிற வேலை இல்லை.

இது சக்தி இல்லை, படிப்பு

வட மாவட்டங்களில் இருளர்கள் எலி பிடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் 'கட்டுப்படுத்துவது' என்று எதுவும் கிடையாது. எலிவளைக்கு ஒரு வாசல் இருக்காது. வரப்புக்கு அந்தப் பக்கம் தப்பி ஓட இன்னொன்று, சில நேரம் மூன்று, நான்கு. ஈரமான புது மண் எங்கே தள்ளியிருக்கிறது என்று பார்த்து, எது இப்போது புழக்கத்தில் இருக்கும் வளை என்று கண்டுபிடிக்க வேண்டும். மற்ற வழிகளை அடைக்க வேண்டும். ஓட்டை போட்ட மண்பானையில் வைக்கோலைத் திணித்து, பற்ற வைத்து, வாயால் ஊதிப் புகையை உள்ளே செலுத்த வேண்டும். பிறகு மண்வெட்டி. எலி உள்ளே சேர்த்து வைத்திருக்கும் நெல்லோ கடலையோ பிடித்தவர்களுக்கு.

ஊதும்போது உதடும் கையும் சுடும், புகை நெஞ்சுக்குள் போகும். 2000-களின் தொடக்கத்தில், வாயால் ஊதாமல் கையால் சுற்றிப் புகை போடும் இரும்புக் கருவி ஒன்றை அவர்களுக்காகச் செய்துகொடுத்தார்கள். ஹீரோக்களுக்கு பேட்மொபைல் கிடைக்கிறது. இவர்களுக்கு ஒரு புகைக்கருவி வரவே இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

பாம்பு விஷயமும் இப்படித்தான். ஒருகாலத்தில் பாம்புத் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, தோல் வியாபாரம் நின்றது. நேற்றுவரை தொழில், இன்றைக்குக் குற்றம். 1978-ல் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு, மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, சில வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்து தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தில் பெரும்பகுதி இவர்கள் கையிலிருந்து போவதுதான்.

இந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பர்மா மலைப்பாம்புகள் பெருகி மற்ற உயிர்களை அழித்துக்கொண்டிருந்தன. போன எட்டு, ஒன்பது நாளிலேயே 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அன்றைக்குச் சோஷியல் மீடியாவில் 'ரியல் லைஃப் சூப்பர்ஹீரோஸ்' என்று போட்டோவோடு பகிர்ந்தார்கள். நானும் ஷேர் செய்தேன்.

இப்போது யோசித்தால் அந்த வார்த்தையிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. சூப்பர்ஹீரோவுக்குப் பட்டா வேண்டாம், ரேஷன் கார்டு வேண்டாம், சாதிச் சான்றிதழ் வேண்டாம். இருளர்களுக்கு எல்லாம் வேண்டும். தமிழ்நாட்டில் மிகவும் நலிவடைந்த பழங்குடிகள் என்று அரசு அடையாளம் கண்டிருக்கும் ஆறு சமூகங்களில் அவர்களும் ஒன்று. பிறவி சக்தி என்று சொல்லிவிட்டால், தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த படிப்பு என்பது மறைந்துவிடுகிறது. படிப்பு என்று ஒத்துக்கொண்டால் அதற்குச் சம்பளம் பேச வேண்டி வரும். ஹாமெலின் மேயரின் பிரச்சினை நமக்கும் வரும்.

திரும்ப ஏரியூர்

எங்கள் காட்டுக்கு வந்த தாத்தா என்ன சமூகம் என்று எனக்கு அப்போது தெரியாது. வீட்டில் 'எலிக்காரங்க' என்பார்கள், அவ்வளவுதான். அவர் பேரன் என் வகுப்பில் படித்தான். அவன் பெயரை இங்கே எழுதவில்லை. பள்ளிக்கூடத்திலும் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'எலி' என்போம். நானும்தான். அவன் டிபன் பாக்ஸைத் திறந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவது ஒரு விளையாட்டு. அதைத் தொடங்கியது நான் இல்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நிறுத்தியதும் நான் இல்லை.

எட்டாவது படிக்கும்போது ஊரில் ஒரு கிணற்று மோட்டார் ஒயர் திருடு போனது. முதலில் விசாரித்தது அவன் சித்தப்பாவை. இரண்டு நாள் கழித்து விட்டுவிட்டார்கள். ஒயரை எடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஒன்பதாவதில் பழங்குடியினர் சான்றிதழ் கேட்டார்கள். அதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போக வேண்டும், தாத்தா காலத்துக் காகிதம் காட்ட வேண்டும். அரையாண்டு லீவுக்குப் பிறகு அவன் வகுப்புக்கு வரவில்லை. டீச்சர் அட்டெண்டன்ஸில் சில நாள் பெயர் வாசித்தார், பிறகு வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

இந்தப் பொங்கலுக்கு பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. திரும்பிப் போவதற்காக பென்னாகரம் பஸ்ஸுக்கு நின்றிருந்தான். அவன்தான் முதலில் பேசினான்.

"நீ பேப்பர்ல இருக்கியாமே?"

"ஆமாம்ப்பா, ஆன்லைன்ல எழுதுறேன்."

"என்னா எழுதுவ?"

இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே கூச்சமாக இருந்தது. மொபைலில் அந்தக் கிளைமேக்ஸ் காட்சியைப் போட்டுக் காட்டினேன். தெருவெல்லாம் எலிகள் ஓடும் காட்சி. அவன் ரொம்பக் கவனமாகப் பார்த்தான்.

"எலி இப்பிடி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஓடாது. செவுத்த ஒட்டிதான் ஓடும்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணுக்கு இதுக்கு எவ்ளோ குடுத்தாங்க?"

"காசு இல்ல. இந்த வேலைய முடிச்சா ஜெயில் தண்டனைல பத்து வருஷம் குறைப்பாங்க. அதான் டீலு."

"எலி புடிச்சதுக்கு ஜெயிலா?" என்று சிரித்தான்.

பழைய விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. கூட்டத்தில் முண்டியடித்து ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டு, "படத்தோட பேரு என்னா சொன்ன?" என்று கேட்டான். சொன்னேன். அவனுக்குச் சரியாகக் கேட்டதா என்று தெரியவில்லை.